எந்தத் தராசில் நிறுத்தது?

காஞ்சிபுரத்துக்குப் போய்ப் பட்டு எடுக்காமல் திரும்பி வந்தவள் என்று யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. போன ஆவணியில் நாத்தனார் பெண்ணின் கூறைப் புடவைக்காகப் போயிருந்தேன். காலை ஒன்பது மணிக்குக் காந்தி ரோட்டுக் கடையொன்றில் ஏறி உட்கார்ந்தவள், பகல் ஒரு மணிக்குத்தான் எழுந்தேன். கடைக்காரர் கடைசியில் புடவையைத் தராசில் போட்டு, “எழுநூற்று எண்பது கிராம், அம்மா” என்றார். நானும் ரொம்பத் தெரிந்தவள் போலத் தலையை ஆட்டினேன். எதற்காக ஆட்டினேன் என்று கேட்காதீர்கள்.

ஆனால் இந்த வாரம் நான் சொல்ல வந்தது புடவைச் சமாசாரம் அல்ல, மோட்டார் கார்ச் சமாசாரம். உடனே தொடர்கதைப் பக்கத்துக்குப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதில் ஒரு பிள்ளை இருந்து, அவனுக்குக் காரின் மேல் பைத்தியமும் இருந்தால், நான் சொல்வது என்றைக்காவது உதவும்.

பெரிய காஞ்சிபுரத்தில் என் அக்கா வீடு. அத்தானுக்குப் பட்டு நூல் வியாபாரம். ஒரு காலத்தில் பத்துத் தறிகளுக்கு வேலை கொடுத்தவர். எப்போதும் கலகலவென்று இருக்கிற வீடு அன்று ஓசையில்லாமல் இருந்தது.

“என்ன அக்கா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் இல்லை. அப்பாவும் பிள்ளையும் பேசி நாலு நாள் ஆயிற்று. இவர் சொல்வதை அவனிடமும், அவன் சொல்வதை இவரிடமும் நான் கொண்டு போய்க் கொடுக்கிறேன். சம்பளமில்லாத தபால்காரி!”

விஷயம் இதுதான். பையன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கையிலிருந்த சேமிப்பையும் அப்பா கொடுத்ததையும் போட்டு ஒரு பழைய கார் வாங்கினான். வாங்கினவன் சும்மா இருந்தானா? அதை ‘ட்யூன்’ செய்ய வேண்டுமாம். வீணைக்குச் சுருதி கூட்டுகிற மாதிரி எஞ்சினுக்கும் கூட்டுவார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். புகை போகும் குழாயை மாற்றி, காற்று வடிகட்டியை மாற்றி, எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று உத்தரவு போடுகிற சின்னக் கம்ப்யூட்டரின் கணக்கையும் திருத்தி எழுதுகிறார்கள். கோயம்புத்தூரில் ஒருவர் இதில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டு அங்கே கொண்டு போனான். அறுபதாயிரம் ரூபாய் பேச்சு. நாற்பதாயிரம் கொடுத்தாயிற்று, இருபதாயிரம் பாக்கி.

கோயம்புத்தூருக்குப் போவதற்கு முன்னால் சென்னையில் ஒரு பட்டறையில் வண்டியின் சக்தியை அளந்து பார்த்திருக்கிறான். 96 குதிரைச் சக்தி என்று சீட்டு வந்தது. கோயம்புத்தூரில் வேலை முடிந்ததும் அங்கே ஒரு சீட்டு: 118. பிள்ளையாண்டானுக்குத் தலைகால் புரியவில்லை. “இருபத்திரண்டு குதிரை கூடிவிட்டது!” என்று நண்பர்களுக்கெல்லாம் போனில் செய்தி. திரும்பி வந்து ஆசைக்கு இன்னொரு தரம் சென்னைப் பட்டறையில் ஏற்றினான். சீட்டில் வந்தது 104.

அவ்வளவுதான். பதினாலு குதிரைகளைக் கோயம்புத்தூர்க்காரர் திருடிவிட்டார்! பாக்கிப் பணம் தரமாட்டேன் என்றான். அந்த மனிதருக்கு ‘நீ மோசக்காரன்’ என்று போனில் குரல் பதிந்து அனுப்பினான். நண்பர்கள் குழுவில் அவர் பெயரைப் போட்டு நாறடிக்கப் போகிறேன் என்று கிளம்பினபோதுதான் அத்தான் குறுக்கே வந்தார். “உழைக்கிறவனைத் திருடன் என்று சொல்கிறாயே, தராசைப் பார்த்தாயா?” என்று கேட்டாராம். “உங்களுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?” என்று இவன் கேட்டானாம். அன்றோடு பேச்சு நின்றது.

எனக்கும் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. பையனையே பிடித்து உட்கார வைத்தேன். “சித்திக்குச் சொல்லு, குதிரைச் சக்தி என்றால் என்ன? அதை எந்தப் படியில் அளக்கிறார்கள்?”

ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் வாட், ஆலைகளில் குதிரைகளுக்குப் பதிலாகத் தம் நீராவி யந்திரத்தை விற்க விரும்பியபோது, ‘இது இத்தனை குதிரை வேலை செய்யும்’ என்று சொல்லக் கண்டுபிடித்த கணக்கு அது. 550 பவுண்டு எடையை ஒரு விநாடியில் ஓர் அடி உயரம் தூக்கினால் ஒரு குதிரை. ஐரோப்பாக்காரர்கள் பிறகு மெட்ரிக் கணக்கில் மாற்றிக்கொண்டார்கள்: 75 கிலோவை ஒரு விநாடியில் ஒரு மீட்டர். நமக்கு இதுதான் சுலபம். முழு அரிசி மூட்டை ஒன்றை ஒரு விநாடியில் இடுப்பளவுக்குத் தூக்கிவிட்டால் நீங்கள் ஒரு குதிரை! இந்த இரண்டு குதிரைகளும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலக் குதிரை நூறு என்றால் ஐரோப்பியக் குதிரை 101.4. விளம்பரங்களில் பி.எச்.பி. என்றும் பி.எஸ். என்றும் போடுகிறார்களே, அந்த வித்தியாசம் இது.

சரி, ஓடுகிற எஞ்சினின் சக்தியை எப்படி அளப்பது? வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவர் கூடவே ஓடுகிறார். தேரில் எவ்வளவு வேகம், எவ்வளவு பலம் என்பது வடம் பிடிக்கிறவர்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். 1821-ல் பிரான்சு தேசத்து எஞ்சினீயர் புரோனி செய்ததும் இந்த வேலைதான். சுழலும் தண்டை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் இறுக்கி, கட்டையோடு ஒரு நீண்ட கையைப் பொருத்தி, அந்தக் கையைத் தண்டு சுழற்றிவிடாமல் நிறுத்த முனையில் எத்தனை எடை வேண்டும் என்று பார்த்தார். பி.எச்.பி. என்பதில் முதல் ‘பி’ பிரேக், அதாவது நம்முடைய முட்டுக்கட்டை!

இன்றைக்குப் பட்டறைகளில் இருப்பது வேறு மாதிரி. தரையில் பதித்த இரும்பு உருளைகளின் மேல் காரின் சக்கரங்களை ஏற்றி, வண்டி பாய்ந்துவிடாமல் பட்டைகளால் இழுத்துக் கட்டி, முன்னால் பெரிய விசிறியை வைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். கார் நின்ற இடத்திலேயே நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இதற்கு ‘டைனோ’ என்று பெயர். இதிலும் இரண்டு ஜாதி. ஒன்றில் கனமான உருளை தடையில்லாமல் சுற்றும். நின்ற உருளையை எத்தனை சீக்கிரம் வேகப்படுத்துகிறது என்பதிலிருந்து சக்தியைக் கணக்கிடுவார்கள். மற்றொன்றில் மின்காந்தத் தடை போட்டு, எஞ்சினைத் திணற வைத்து அளப்பார்கள். பெரும்பாலும் முதல் வகை கொஞ்சம் தாராளமாகவும் இரண்டாவது வகை கொஞ்சம் கருமித்தனமாகவும் காட்டுமாம். டயரில் காற்று குறைந்தால் ஓர் எண், பட்டையை இறுக்கினால் ஓர் எண், எந்தக் கியரில் ஓட்டினார்கள் என்பதற்கு ஓர் எண். சில பட்டறைகள் சக்கரத்தில் கிடைத்ததை அப்படியே எழுதும். சில, கியர்ப் பெட்டியில் வழியில் தொலைந்தது இவ்வளவு இருக்கும் என்று குத்துமதிப்பாகக் கூட்டி எஞ்சினின் சக்தி என்று எழுதும்.

இது போதாதென்று வானிலை வேறு. ஊட்டிக்குப் போய்ச் சமைத்தவர்களுக்குத் தெரியும், குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகாது. மலை மேல் காற்றழுத்தம் குறைவு. அதே காரணத்தால் சாதாரண எஞ்சினும் அங்கே மூச்சு வாங்கும்; தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். கோயம்புத்தூரும் கடல் மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் மேலேதான் இருக்கிறது. சென்னையிலோ கடற்கரைக் காற்று, சித்திரை வெயில். ஆகவே ‘இன்ன வெப்பம், இன்ன அழுத்தம் இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்கும்’ என்று திருத்திப் போடுவார்கள். அந்தத் திருத்தத்திலும் ஒரே முறை கிடையாது! அமெரிக்க எஞ்சினீயர்கள் இப்போது 25 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். பழைய முறை 15 டிகிரி சொச்சத்தை வைத்திருந்தது. பழைய முறையில் போட்டால் எண் நூற்றுக்கு நாலு போலக் கூடும். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை மாற்றினால், வண்டியைத் தொடாமலே நாலு குதிரை பிறந்துவிடும்.

“இதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கிறதே! பின்னே ஏன் சண்டை?” என்று கேட்டேன்.

“தெரியும் சித்தி. ஆனால் பதினாலு குதிரையா வித்தியாசம் வரும்?” என்றான்.

ஏன் வராது? அமெரிக்காவில் 1971-ஆம் வருஷத்துக் காடிலாக் எல்டொராடோ காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே எஞ்சின், ஒரு கணக்கில் 365 குதிரை, இன்னொரு கணக்கில் 235. முதல் கணக்கு, எஞ்சினைத் தனியாகப் பெஞ்சில் வைத்து, அதன் தலையில் கட்டியிருக்கும் உபகரணங்களையெல்லாம் கழற்றிவிட்டு அளந்தது. இரண்டாவது, காரில் இருக்கிறபடி எல்லாம் பூட்டி அளந்தது. 1972 மாடல்களிலிருந்து அந்த நாட்டில் இரண்டாவது கணக்கையே வைத்துக்கொண்டார்கள். காஞ்சிபுரத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்துப் பசையை எடுத்தால் ஏறக்குறைய கால் பங்கு எடை போய்விடும். ஒரு கிலோ கொடுத்து முக்கால் கிலோ வாங்கிக்கொண்டு யாரும் சாயப்பட்டறைக்காரரைத் திருடன் என்று சொல்வதில்லை.

அதற்காகக் குற்றமே நடக்காது என்றும் நான் சொல்லவில்லை. 1999-ல் ஃபோர்டு கம்பெனி தன் மஸ்டாங் கோப்ரா காருக்கு 320 குதிரைச் சக்தி என்று விளம்பரம் செய்தது. முந்தின வருஷத்து வண்டிக்கு 305-தான். ஆனால் புதியது பழையதைவிட வேகமாக ஓடவில்லை. வாங்கினவர்களுக்குச் சந்தேகம் வந்து உருளைகளில் ஏற்றிப் பார்த்தார்கள். கம்பெனி விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, காற்றுக் குழாயையும் புகைக் குழாயையும் மாற்றிக் கொடுக்கும்படி ஆயிற்று. சொன்ன எண்ணுக்கும் சீட்டில் வந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வைத்து அங்கே வழக்கு நிற்கவில்லை. பழைய வண்டி, புதிய வண்டி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

இந்தச் சமயத்தில் அத்தான் உள்ளே வந்தார். பையனைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: “கோயம்புத்தூர்க்காரர் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் தம் தராசில் ஒரு தரம் நிறுத்தாரா என்று கேள் அம்மா.”

நான் கேட்டேன். பையன் யோசித்தான். “போனவுடனே ஒரு தரம் ஓட்டினார், சித்தி. நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.”

சீட்டைக் கொண்டு வரச் சொன்னேன். மலையும் பள்ளமுமாய்க் கோடு போட்ட காகிதம். மேலே சிவப்பில் கெட்டியாய் ஒரு கோடு. அதன் உச்சியில் 118. கீழே நீலத்தில் புள்ளி புள்ளியாக இன்னொரு கோடு! அதன் உச்சியில் சின்ன எழுத்தில் 109. நாலு நாளாய் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டையே இரண்டாக்கியவன் அந்த நீலக் கோட்டைப் பார்க்கவே இல்லை.

அத்தான் பென்சிலை எடுத்தார். சென்னைத் தராசில் 96, 104 ஆயிற்று. எட்டுக் குதிரை. கோயம்புத்தூர்த் தராசில் 109, 118 ஆயிற்று. ஒன்பது குதிரை. விகிதம் போட்டுப் பார்த்தால் இரண்டும் நூற்றுக்கு எட்டே கால்! ஒரு தராசு எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுகிறது, இன்னொன்று குறைத்துக் காட்டுகிறது; ஆனால் எவ்வளவு கூடிற்று என்பதில் இரண்டும் ஒரே வார்த்தை பேசுகின்றன. இருபத்திரண்டு கூடிவிட்டது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதும் தப்பு; பதினாலு போய்விட்டது என்று கத்தியதும் தப்பு. அந்த மனிதர் எட்டுப் பத்து சதவீதம் கூடும் என்றுதான் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

பையனின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாய் இருந்தது. அக்கா உள்ளே போய்க் காப்பி கலந்து கொண்டு வந்தாள். மூன்று டம்ளரில் அல்ல, நாலு டம்ளரில்.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சீட்டு வந்தால் கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு முன்னும் பின்னும் அதே உருளையில், அதே கியரில், டயரில் அதே காற்றோடு ஓட்டினார்களா? எந்தத் திருத்தக் கணக்கு போட்டார்கள், இரண்டு தரமும் அதையேதானா? சக்கரத்தில் அளந்ததா, எஞ்சினுக்கு ஊகித்ததா? ஒரு தரம் ஓட்டினதா, மூன்று தரமா? ஒரே வண்டி, ஒரே உருளையில், பத்து நிமிஷ இடைவெளியில் ஒன்றிரண்டு குதிரை கூடக் குறையக் காட்டுவது சகஜம். ஆகவே ‘இரண்டு குதிரை கூட்டிக் கொடுத்தேன், எட்டாயிரம் கொடு’ என்று யாராவது கேட்டால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைச் சொன்னதும் பையன், “ரோட்டில் ஓட்ட இல்லை சித்தி, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் ஓட்டத்தான்” என்றான். 1990-ல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் திறந்த பாதை அது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு வரும் வழியில்தான் இருக்கிறது. “அப்படியானால் அந்தப் பாதை வரைக்கும் வண்டி பறந்தா போகிறது?” என்று கேட்டாள் என் அக்கா. அவள் எஸ்.எஸ்.எல்.ஸி. வரைதான் படித்தவள்.

ராத்திரி சாப்பாடு ஆயிற்று. பையன் பாக்கி இருபதாயிரத்தையும் அனுப்பிவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் வெகு நேரம் போனில் பேசிவிட்டு வந்தான். வந்தவன் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, “உங்களுக்கு எப்படி அப்பா தோன்றியது?” என்று கேட்டான்.

அத்தான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றார்.

“இருபத்தாறு வருஷம் இருக்கும். கார்த்திகை மாசம், அடைமழை. பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருத்தருக்கு மூன்று புடவைக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் நிறுத்துக் கொடுத்தேன். மாசியில் நெய்து கொண்டு வந்தார். புடவையில் குற்றமே சொல்ல முடியாது. கோர்வை அப்படி இருந்தது. தராசில் போட்டேன். சேதாரம் போக நாற்பது கிராம் குறைந்தது. ‘பட்டு எங்கே?’ என்றேன். ‘தறியைத் தவிர வேறே எங்கேயும் வைக்கலைங்க, முதலாளி’ என்றார். நாற்பது கிராமுக்கு உண்டான பணத்தைக் கூலியில் பிடித்துக்கொண்டேன். நாலு பேர் எதிரில். அவர் ஒன்றும் பேசவில்லை. எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் என் வாசலை மிதிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கச்சாப் பட்டு வாங்கப் பெங்களூர் போனேன். அங்கே நூலைச் சோதிக்கிற இடத்தில், பட்டை அடுப்பில் வைத்து ஈரமெல்லாம் போகக் காய்ச்சி நிறுத்தார்கள். அதோடு நூற்றுக்குப் பதினொன்று ஈரம் கூட்டி, அதுதான் விற்கிற எடை என்றார்கள். எதற்கு என்று கேட்டேன். பட்டு காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும், மழைக்காலத்தில் கிலோவுக்கு முப்பது, நாற்பது கிராம் கூடுவது சாதாரணம் என்றார்கள். எனக்குக் கால் நின்ற இடத்திலே நின்றுவிட்டது. கார்த்திகை ஈரத்தில் நிறுத்துக் கொடுத்ததை மாசிக் காய்ச்சலில் நிறுத்து வாங்கியிருக்கிறேன்.”

யாரும் பேசவில்லை. பையன்தான் கேட்டான்: “போய்ச் சொன்னீர்களா அப்பா?”

“போனேன். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அப்புறம் அவர் தறியை விற்றுவிட்டார் என்று கேள்வி. பையன் ஒரகடத்தில் கார்க் கம்பெனியில் வேலையாம். பெரியவர் இருக்கிறார், கண் மட்டும் சரியில்லையாம்.” அத்தான் வெற்றிலைச் செல்லத்தை இழுத்துக்கொண்டார். “போக வேண்டும்.”

“இதையேதான் இருபத்து நாலு வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்” என்றாள் அக்கா.

“நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வண்டி நான் எடுக்கிறேன்” என்றான் பையன்.

அந்த வண்டியிலா என்று நான் கேட்கவில்லை.